டிராக்டருக்குக் கூண்டு வந்த கதை

(வானொலிப் பேச்சு)



சில வருஷங்களுக்கு முன்னால், சம்பா நடவு சமயம், என் வட்டாரத்தில் ஒரு ஊருக்கு மண் பரிசோதனை விஷயமாகப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் தம்முடைய டிராக்டருக்குப் புதிதாக டாப் போட்டிருந்தார். நாலு மூலையிலும் பைப், மேலே தகரம், தகரத்துக்கு மஞ்சள் பெயிண்ட், உள்ளே இரண்டு பாட்டுப் பெட்டி. பக்கத்து டவுன் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. "பாருங்க சார், நாலு காலும் கனத்த பைப்பு. வெயிலும் தெரியாது. வண்டி கவுந்தாக்கூட கூண்டு தாங்கிக்கும்" என்றார். நானும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெயிலுக்கு நிழல் என்ற மட்டில் அது நல்லதுதான். கவிழ்ந்தால் தாங்கும் என்றாரே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மறுவருஷம் ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையோடு போகும்போது கரை சரிந்து வண்டி பக்கவாட்டில் உருண்டது. அந்த நாலு காலும் வாழைத்தண்டு மாதிரி மடங்கிப் படுத்துவிட்டன. ஓட்டியவர் பெரியவருடைய மகன். கீழே உளையாக இருந்ததால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு டிராக்டருக்குக் கூண்டு வந்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்தக் கதை பனி கொட்டுகிற அமெரிக்க நாட்டில், விவசாயிகளின் சொந்தக் கொட்டகையில் ஆரம்பிக்கிறது. நம்மவர் வெயிலுக்குப் பயந்து டாப் போட்டார்கள். அவர்கள் குளிருக்குப் பயந்து கூண்டு கட்டினார்கள்.

குளிர் என்றால் நம்ம மார்கழிக் குளிர் இல்லீங்க. மின்னசோட்டா, டகோட்டா, அயோவா என்று அமெரிக்காவின் வடக்கு மத்தியப் பகுதியில் சில மாகாணங்கள் உண்டு. மக்காச்சோளமும் கோதுமையும் விளைகிற சீமை. அங்கே மக்காச்சோள அறுவடை நவம்பர் மாதம் வரைக்கும் இழுக்கும். கதிர் ஒடிக்கிற எந்திரத்தை டிராக்டர் மேலேயே மாட்டிக்கொண்டு, பனிக்காற்று முகத்தில் அடிக்க, நாள் முழுக்க ஓட்டியாக வேண்டும். அறுவடை முடிந்தாலும் வேலை விடாது. மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோக வேண்டும், தொழுவத்துச் சாணத்தை வாரி வயலில் வீச வேண்டும், வாசலில் குவிந்த பனியைத் தள்ள வேண்டும். சைபருக்குக் கீழே 20, 25 டிகிரி போகிற நாளிலும் இதெல்லாம் நடக்க வேண்டும். அந்தக் காலத்து டிராக்டரில் உட்காருவதற்கு இருந்தது துவாரம் போட்ட இரும்புத் தட்டு ஒன்றுதான். அதில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து ஓட்டினார்கள்.

இதற்கு முதலில் கண்ட வழி ரொம்பச் சுலபமானது. டிராக்டரின் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன் சுற்றுகிறது அல்லவா? அது முன்பக்கத்துக் காற்றை இழுத்து, எஞ்சின் மேலே பாயவிட்டுப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தக் காற்று சூடாக இருக்கும். திறந்த வண்டியில் அந்தச் சூடு இரண்டு பக்கமும் சிதறி வீணாகப் போகிறது. எஞ்சினின் இரு பக்கமும் கித்தான் படுதாவைக் கட்டி மறைத்துவிட்டால்? சூடு அத்தனையும் சிதறாமல் நேரே ஓட்டுகிறவர் காலுக்கும் மடிக்கும் வந்து சேரும். முன்னால் காற்றுத் தடுக்க ஒரு கண்ணாடி. பின்பக்கம் திறந்தபடி. இவ்வளவுதான். இதற்கு அங்கே 'ஹீட் ஹௌசர்' என்று பெயர். 1940-களிலும் 1950-களிலும் அந்த மாகாணங்களில் குளிர்காலம் வந்தால் டிராக்டருக்குச் சட்டை போட்டது போல இந்தப் படுதா ஏறிவிடும். வசந்தம் வந்ததும் கழற்றி மடித்துப் பரணில் வைத்துவிடுவார்கள். வீணாகப் போகிறதைப் பிடித்து வேலை வாங்குவது என்று நாம் சாண எரிவாயுவுக்குச் சொல்கிறோமே, அதே புத்திதான். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பாகம் இதுதான்.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. 1938-ல் மின்னியாபொலிஸ்-மோலின் என்ற கம்பெனி மோட்டார் கார் மாதிரியே ஒரு டிராக்டரைக் கொண்டுவந்தது. முழுக்க மூடிய கேபின், பின்பக்கத்தில் கதவு, உள்ளே கூட ஒரு ஆள் உட்கார சீட், ஹீட்டர், ரேடியோ, மழைநீர் துடைக்க வைப்பர் எல்லாம் உண்டு. பகலில் உழலாம், சாயங்காலம் அதிலேயே ஏறி மணிக்கு 40 மைல் வேகத்தில் டவுனுக்குப் போகலாம் என்றார்கள். விலை 2,000 டாலருக்கும் மேலே. பெரும் பஞ்சமும் கடனும் போட்டு அடித்துக் கொஞ்சம் தலைதூக்கிய சமயம் அது. யார் வாங்குவார்கள்? சுமார் 150 வண்டிதான் செய்தார்கள், அதுவும் மெதுவாகத்தான் விற்றது. இன்றைக்கு அந்த வண்டிக்குப் பழம்பொருள் சேர்க்கிறவர்களிடம் ஏகக் கிராக்கி. அன்றைக்கு விவசாயி அதைச் சுற்றிப் பார்த்தான், கொட்டகைக்குத் திரும்பி வந்து தன் வண்டிக்குத் தானே கூண்டு கட்ட ஆரம்பித்தான்.

எதை வைத்துக் கட்டினான்? கையில் கிடைத்ததை வைத்துத்தான். ஆங்கிள் இரும்பு அல்லது மரச்சட்டத்தில் நாலு கால், காலை மட்கார்டிலும் ஆக்சில் மேலேயும் போல்ட் போட்டு முடுக்குவது, பக்கவாட்டில் பிளைவுட் அல்லது தகரம், கூரைக்குப் பிளைவுட்டை அடித்து மேலே கித்தானை ஒட்டிப் பெயிண்ட் பூசுவது. கண்ணாடிக்கு அவர்கள் போனது பழைய கார் உடைக்கிற இடத்துக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் போட்டால் ஒரு கல் பட்டதும் கத்தி கத்தியாக உடைந்து ஓட்டுகிறவர் மேலேயே விழும். காருக்குப் போடுகிற கண்ணாடி அப்படிக் கத்தியாக உடையாது. கார் கதவிலிருந்து கண்ணாடியை மட்டுமல்ல, சில பேர் கதவையே எடுத்துக் கீலோடு மாட்டிக்கொண்டார்கள். விவசாயப் பத்திரிகைகளும், 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' போன்ற கைவேலைப் பத்திரிகைகளும் பண்ணைப் பட்டறை யோசனைகளை நிறையப் போட்டு வந்த காலம் அது. ஒருத்தர் கட்டியதைப் பார்த்து அடுத்த பண்ணைக்காரர் அதைவிடக் கொஞ்சம் நன்றாகக் கட்டுவார். கோடை வந்தால் கொட்டகை உத்திரத்தில் சங்கிலிக் கப்பி போட்டுக் கூண்டை அப்படியே தூக்கிவிட்டு, அடியிலிருந்து வண்டியை மட்டும் வெளியே ஓட்டிக்கொண்டு போவார்கள்.

குளிர் நின்றது. ஆனால் ஒன்றை அடைத்தால் இன்னொன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் சத்தம். தகரத்தைச் சட்டத்தில் இறுக்கி, சட்டத்தை வண்டியோடு முடுக்கினால் என்ன ஆகும்? எஞ்சினின் அதிர்வு அத்தனையும் தகரத்துக்கு ஏறும். பறையை நெருப்பில் காய்ச்சி இறுக்கினால் எப்படி, அப்படி. திறந்த வண்டியில் சத்தம் நாலு பக்கமும் போய்விடும். கூண்டுக்குள் அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பவும் காதுக்கே வரும். அந்தக் காலத்துக் கூண்டுகள் பலவற்றில் உள்ளே இருந்த சத்தம் வெளியே திறந்த சீட்டில் இருந்ததைவிட அதிகம். கைகால் விறைக்காமல் காப்பாற்றிக்கொண்டார்கள், காதைக் கொடுத்துவிட்டார்கள். காது போவது ஒரே நாளில் தெரியாதுங்க. பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக மெல்லப் பேசுகிறார் போலத் தோன்றும், அவ்வளவுதான்.

அடுத்தது புழுதி. எல்லாப் பக்கமும் அடைத்தாச்சே, புழுதி எப்படி வரும் என்று கேட்கலாம். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று புழுதியைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும். கிளட்ச் மிதி, பிரேக் மிதி, ஹைட்ராலிக் லிவர் என்று தரைப் பலகையில் ஏகப்பட்ட துவாரம். எத்தனை சாக்கு வைத்து அடைத்தாலும் ஒரு துவாரம் மிஞ்சும். இதற்கு விடை அடைப்பதில் இல்லை, ஊதுவதில் இருக்கிறது. வடிகட்டி வழியாக ஒரு ஃபேன் வைத்து உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், உள்ளே அழுத்தம் கூடும். அப்போது துவாரம் இருந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியேதான் போகும், புழுதி நுழையாது. இதைக் கண்டுகொள்ள ரொம்ப நாளாயிற்று. கோடைச் சூட்டுக்குச் சில கூண்டுகளின் கூரையில் நனைந்த தட்டி வைத்து அதன் வழியாகக் காற்றை இழுத்துவிட்டார்கள். நம்ம வீட்டு வெட்டிவேர்த் தட்டியேதான்! வறண்ட சீமையில் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் கூடிய இடத்தில் அவ்வளவாகச் செய்யாது.

புகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சைலன்சர் குழாயோ அதன் மூட்டோ விட்டிருந்தால், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, தூக்கம், அப்புறம் மயக்கம்.

இதெல்லாம் சுகத்தின் கணக்கு. உயிரின் கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

டிராக்டர் பிறந்த நாளிலிருந்தே அது கவிழும். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர், கலப்பை எதிலாவது மாட்டிக்கொண்டால் முன்சக்கரம் தூக்கிப் பின்னால் மல்லாந்துவிடும் என்று கெட்ட பெயர் வாங்கியது. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. பின்சக்கரம் சேற்றில் புதைந்து சுற்ற முடியாமல் நின்றுவிட்டால், எஞ்சினின் பலம் எங்கே போகும்? சக்கரத்தைச் சுற்ற முடியாதபோது வண்டியின் உடம்பையே ஆக்சிலைச் சுற்றித் தூக்கும். அதிலும் இழுக்கிற சங்கிலியைக் கொக்கிக்குப் பதிலாக மேலே ஆக்சிலில் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி முக்கால் விநாடியில் மீள முடியாத இடத்தைத் தாண்டிவிடும். ஒன்றரை விநாடியில் மல்லாந்து கிடக்கும். 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிடும். கிளட்சை மிதித்துவிடலாம், குதித்துவிடலாம் என்பதெல்லாம் திண்ணைப் பேச்சு. பக்கவாட்டில் கவிழ்வதும் இப்படியேதான்: கரை சரிவு, வேகத்தில் திருப்பம், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்குவது.

கூண்டு இருக்கிறதே, காப்பாற்றாதா என்று தோன்றும். இங்கிலாந்தில் அந்தப் பாடத்தைப் படித்தார்கள். அங்கே 1950-களில் மழைக்கு மறைப்பாக, மெல்லிய குழாயில் கித்தான் போர்த்திய கூண்டுகளைக் கடைகளில் வாங்கி மாட்டினார்கள். மழைக்கு அது போதும். வண்டி கவிழ்ந்தால் அந்தக் கூண்டு நசுங்கி, ஓட்டுகிறவரை வெளியே போகவும் விடாமல் உள்ளேயே வைத்து அமுக்கிவிடும்.

இந்த விஷயத்தில் முதலில் விழித்துக்கொண்டது ஸ்வீடன். காற்றுக்கும் மழைக்கும் கட்டுவது ஒன்று, டிராக்டரின் எடைக்குக் கட்டுவது வேறொன்று என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அதற்கு ஒரு பரிசோதனை வந்தது. 2,000 கிலோ எடையைச் சங்கிலியில் தொங்கவிட்டு, பின்னுக்கு இழுத்து, கோயில் மணியின் நாக்கு மாதிரி ஆட்டிக் கூண்டின் மேலே மோதவிடுவது. பின்பக்கம் ஒரு அடி, பக்கவாட்டில் ஒரு அடி என்று விழும். பிறகு மேலிருந்து பாரம் வைத்து அமுக்குவார்கள். எல்லாம் முடிந்தபின், ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் எந்தக் கம்பியும் வந்திருக்கக் கூடாது. வந்திருந்தால் அந்தக் கூண்டு தேறவில்லை. 1959 முதல், கூலிக்கு ஆள் ஓட்டுகிற புது டிராக்டர்களில் இப்படிப்பட்ட காப்புச் சட்டம் இருந்தே ஆகவேண்டும் என்று ஸ்வீடன் விதி போட்டது. பழைய வண்டிகள் கழியக் கழிய, அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது ஏறக்குறைய நின்றே போனது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1950-களிலேயே இந்த ஆராய்ச்சி நடந்தது. 1966-ல் ஜான் டீர் கம்பெனி கவிழ்ந்தால் காக்கிற சட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உரிமையைத் தனக்கே வைத்துக்கொள்ளாமல் மற்ற கம்பெனிகளும் செய்துகொள்ள விட்டுக்கொடுத்தது. வியாபாரத்தில் அடிக்கடி பார்க்க முடியாத காரியம். 1976 அக்டோபர் 25-க்குப் பிறகு செய்த டிராக்டரைக் கூலியாள் ஓட்டினால் காப்புச் சட்டம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. குடும்பத்தார் மட்டும் ஓட்டுகிற சிறு பண்ணைக்கும் பழைய வண்டிகளுக்கும் அது பொருந்தவில்லை. அதனால் நியூயார்க் மாகாணத்தில் 2006-ல் கூட, பழைய டிராக்டரில் சட்டம் மாட்டுகிறவர்களுக்குப் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 1970 செப்டம்பர் முதல் புது டிராக்டருக்கெல்லாம் பரிசோதித்த பாதுகாப்புக் கூண்டு கட்டாயமாயிற்று. உயிர் பிழைத்தது. ஆனால் பழைய வியாதி பெரிதாகத் திரும்பி வந்தது. கனத்த இரும்பு, கனத்த பறை! அந்தச் சத்தம் தாங்காமல், ஓட்டுகிறவர் காதுக்கு 90 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று 1976-ல் இன்னொரு விதி வந்தது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1920 முதல் டிராக்டர்களின் பலத்தைச் சோதித்து வந்தது. 1970-ல் இருந்து ஓட்டுகிறவர் காதருகே சத்தத்தையும் அளந்து வெளியிட ஆரம்பித்தது. எந்த வண்டி காதைக் கிழிக்கும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. 1972-ல் ஜான் டீர் 'சவுண்ட்-கார்ட்' என்ற கூண்டைக் கொண்டுவந்தது. கூண்டை ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார வைத்து அதிர்வை ஏறவிடாமல் தடுத்தார்கள். உள்ளே சத்தம் உறிஞ்சும் பஞ்சு. வடிகட்டிய காற்றை ஊதி அழுத்தம். கவிழ்ந்தால் தாங்கும் சட்டம் கூண்டுக்குள்ளேயே. கொட்டகையில் கட்டினவர்கள் இருபது முப்பது வருஷம் பட்ட பாட்டுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடமும் இப்போது ஏசி கேபின் வைத்த டிராக்டர் விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் நமக்கெல்லாம் அந்த 1938-ம் வருஷத்து விவசாயி மாதிரிதான், சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆகவே பட்டறை டாப் தொடரத்தான் போகிறது. தொடரட்டும், நிழல் வேண்டும்தான்.

ஆனால் பட்டறைக்காரர் கனத்த பைப் போட்டால் அது காப்புச் சட்டம் ஆகிவிடுமா? ஆகாதுங்க. இதில்தான் அந்தப் பெரியவர் ஏமாந்தார், நானும் வாயை மூடிக்கொண்டேன். காப்புச் சட்டம் என்பது வெறும் கனம் இல்லை. அடி விழும்போது அது ஓரளவு வளைய வேண்டும். வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். ரொம்ப மெல்லிசாக இருந்தால் மடங்கும். ரொம்ப விறைப்பாக இருந்தால் சட்டம் அப்படியே நிற்கும், போல்ட் அறுந்து கழன்றுவிடும். மட்கார்டு தகரத்தில் முடுக்கிய கால் எத்தனை கனமாக இருந்து என்ன பயன்? தகரம் கிழிந்து கால் தனியே போகும். எந்த இரும்பு, எந்த இடத்தில் வெல்டிங், எந்த போல்ட் என்பதெல்லாம் மோதிப் பார்த்துத்தான் தெரியும். மோதிப் பார்த்தால் அந்தக் கூண்டு அதோடு சரி. ஒரே ஒரு கூண்டு செய்கிற பட்டறையால் அதைச் செய்ய முடியாது. அதனால்தான், மற்ற எல்லாவற்றையும் கொட்டகையில் கட்டிக்கொண்ட அமெரிக்க விவசாயிக்கும், இந்த ஒன்றை மட்டும் வீட்டில் செய்யாதே என்று அங்கத்து விரிவாக்க அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள்.

உங்கள் வண்டிக்குக் கம்பெனியே காப்புச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தால், நிழலுக்கு டாப் மாட்டுகிறேன் என்று அதில் துளை போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இரும்பின் குணமே மாறிவிடும். கிளாம்ப் வைத்துக் கட்டலாம். அந்தச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட் போடுங்கள்; உருளும்போது வெளியே தூக்கி எறியாமல், காப்பான இடத்துக்குள்ளேயே பிடித்து வைக்கும். பட்டறை டாப் மட்டும் இருந்தால் பெல்ட் வேண்டாம், நசுங்குகிற இடத்தில் நம்மை நாமே கட்டிவைத்த மாதிரி ஆகும். டாப்பைக் கனமாகவும் உயரமாகவும் போடப் போட வண்டியின் தலைக்கனம் கூடும், கரையில் சீக்கிரம் சாயும். மெல்லிய சட்டம், இலேசான கூரை போதும். தார்ப்பாய் இன்னும் நல்லது, பறை அடிக்காது. பக்கங்களை அடைத்து மூடாதீர்கள், பின்பக்கம் கலப்பையும் ரொட்டவேட்டரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்து மருந்து அடித்தால் மருந்து உள்ளே வராது என்றும் நினைக்க வேண்டாம். புழுதியை வடிகட்டுகிற சாதா வடிகட்டி மருந்தின் ஆவியை நிறுத்தாது. அதற்குக் கரி வைத்த வடிகட்டி தனியாக உண்டு.

மட்கார்டு மேலே ஆளை ஏற்றிக்கொண்டு போவதைப் பற்றிப் பல தடவை பேசியாயிற்று. எந்தக் கூண்டும், எந்தச் சட்டமும் அந்த ஆளுக்கு இல்லை.

அந்தப் பெரியவர் மகன் இப்போது தேறி நடக்கிறார். போன மாதம் பார்த்தேன். அதே வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுகிறார். நாலு காலையும் அறுத்து எடுத்துவிட்டு, டீலரிடம் சொல்லி அந்த மாடலுக்கு உரிய சட்டத்தை வரவழைத்து மாட்டியிருக்கிறார். டாப் வேண்டாமா தம்பி என்று கேட்டேன். "தலப்பா இருக்கு சார்" என்றார்.